சாரலில் காயாத படகு

இந்த சீசனில் ஒரு நாளாவது அருவியில் நான் குளித்தே தீருவது என்று மே மாதக் கடைசியில் சபதம் எடுத்தேன். மேலகரத்தில் வீடு. குற்றாலம் கூப்பிடு தூரம். அப்படியிருந்தும் கல்யாணமான நாள் முதல் சீசன் நேரத்தில் அருவித் தண்ணீர் என் தலையில் ஒரு சொட்டு விழுந்தது கிடையாது. காரணம், சீசன் வந்தால் மச்சான் வந்துவிடுவார்.

மச்சான் என்றால் என் மனைவி கிருபாவின் அண்ணன் ஜஸ்டின். தூத்துக்குடிக்காரர். சாரல் தொடங்கிய மறுநாள் போன் வரும். நல்லா இருக்கீங்களா என்று கேட்கமாட்டார். "அருவியில தண்ணி விழுதா மாப்ள?" என்றுதான் கேட்பார். விழுகிறது என்றால் ஒரு வேன் வரும். அதற்குள் அவர் குடும்பம், சம்பந்தி குடும்பம், சம்பந்திக்குச் சம்பந்தி குடும்பம். ஒரு வருஷம் விழவில்லை என்று பொய் சொல்லிப் பார்த்தேன். "விழும்போது நாம அங்கன இருக்கணும்லா" என்று அன்றைக்கே வந்து இறங்கிவிட்டார். அவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் மணிக்கணக்காக நிற்பார்கள். நான் பாறையில் உட்கார்ந்து அவர்களுடைய துணிமணிக்கும் செருப்புக்கும் காவல் இருப்பேன்.

வராதே என்று மச்சானிடம் சொல்ல முடியாது. சொன்னால் கிருபா என்னைப் போ என்பாள். ஆனால் படுக்க இடமே இல்லை என்றால்? விருந்தாளி அறையை எதையாவது வைத்து அடைத்துவிட வேண்டும். தென்காசியில் எனக்கு மரக்கடை. மிஞ்சிய பலகைக்குப் பஞ்சமில்லை. செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் வீட்டுக்குள்ளேயே பாய்மரப் படகு கட்டிக்கொண்டிருந்தான். கப்பென்று பிடித்துக்கொண்டேன். அலமாரி என்றால் வாரத்தில் முடிந்துவிடும். படகை ஆகஸ்ட் வரை இழுக்கலாம். உடனே அறையை மூலைக்கு மூலை அளந்தேன். டேப்பின் மறுமுனையைக் கிருபாதான் பிடித்துக்கொண்டாள். அளந்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி கிருபா, ஒரு படகு கட்டப் போறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பாய்மரப் படகு. சின்ன வயசுலேருந்தே ஆசை."

"ஒங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"அதனாலதான் படகு."

"எங்கன வச்சு கட்டுவிய?"

"விருந்தாளி ரூம்லதான். வெளிய வச்சா சாரல்ல நனைஞ்சுரும்லா."

"அப்பம் எங்க அண்ணன் வந்தா எங்கன படுப்பாவ?"

"அத நெனச்சாத்தான் எனக்கும் வருத்தமா இருக்கு."

கிருபா டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். "சரி, இந்த வருசம் எடமில்லன்னு அண்ணன்ட்ட சொல்லிருதேன். நீங்க நல்லபடியா கட்டுங்க" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. கட்டிலை அவளே இழுத்து வெளியே போட்டாள். கர்த்தர் இந்தத் தடவை என் கட்சி என்று நம்பினேன்.

வாரத்துக்கு ஒரு பலகை. ஆணி ஒன்று, டீ இரண்டு. படகை வாசலை விடப் பெரிதாகவே திட்டம் போட்டேன். வெளியே போக முடியாத படகுதானே எனக்கு வேண்டும். இந்த நிதானம் கிருபாவிடம் இல்லை. படகுக்கு விலா எலும்பு முளைக்கும் முன்னாலேயே தன் பழைய பச்சைச் சேலையில் பாய் தைத்து முடித்துவிட்டாள். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு நாறும்பூநாதன் அண்ணாச்சி வந்தார்.

"என்ன ஜெபஸ்டின், கப்பல் ரெடியா?"

"இன்னும் நெறைய வேல கெடக்கு அண்ணாச்சி."

"வார ஞாயித்துக்கெழம குளத்துல விடுதிய, குருவானவர் ஜெபம் பண்ண வாராருன்னு கிருபா தெருவெல்லாம் சொல்லிட்டு வருது?"

உள்ளே ஓடினேன். "ஏட்டி, என்ட்ட கேக்காம தேதி குடுத்துட்டியா?"

"ஆசப்பட்டு கட்டுதிய. தெருவே சந்தோசப்படுது. இப்பம் இல்லன்னு சொன்னா என்ன பேசுவாவ? ஒரு படகு கட்டத் துப்பில்ல, இவரு கடையில எப்படி பலக வாங்கன்னு கேப்பாவ."

கடையைத் தொட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கடைக்கு லீவு விட்டு, கை விரலில் பாதியைச் சுத்தியலுக்குக் கொடுத்து, சனிக்கிழமை காலையில் படகை முடித்தேன். முடித்ததும் ஒரு சோதனை. படகுக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே ஊற்றியது வெளியே வராவிட்டால், வெளியே இருப்பதும் உள்ளே வராது. குடம் குடமாக ஊற்றினேன். பலகைக்குப் பலகை ஒழுகி, அறை நிறைந்து, ஹாலைக் கடந்து, தண்ணீர் வாசற்படியில் சலசலவென்று இறங்கியது.

அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "அஞ்சருவிக்கு அடுத்த அருவி இங்கனதான் போல" என்று சொல்லிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு போனார்.

கிருபா தரையைத் துடைத்தபடியே சொன்னாள். "பலகைக்கு நடுவுல பஞ்சு அடைக்கணும். எங்க அண்ணன் ஒரு காலத்துல வள்ளம் கட்டுத எடத்துலதான் வேல பாத்தாவ. கூப்பிட்டா வந்து அடச்சுத் தருவாவ. என்ன செய்ய, நம்மகிட்டதான் எடமில்லயே."

"அதெல்லாம் பாத்துக்கிடலாம். நீ ஒரு போன் போடு."

"எடமில்லன்னு சொன்னவ நான். எந்த மொகத்த வச்சு கூப்பிட? நீங்களே கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். படகு, ஒழுகல், குருவானவர், கடையின் மானம் என்று வரிசையாகச் சொல்லிக் கெஞ்சினேன். மச்சான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அருவியில தண்ணி விழுதா மாப்ள?"

"விழுது மச்சான்."

சாயங்காலமே வேன் வந்துவிட்டது. மற்ற வருஷங்களில் அவர்கள் தாங்களாக வந்தவர்கள். மனசுக்குள்ளாவது திட்டிக்கொள்ளலாம். இந்த வருஷம் நான் அழைத்து வந்தவர்கள். எங்கள் படுக்கையறை மச்சானுக்கு. ஹால் சம்பந்திமாருக்கு. நான் படகுக்குள் படுத்தேன். "அளவெடுத்து தச்ச மாரி இருக்கு" என்று கிருபா போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மச்சானுக்கு வேலை தெரிந்திருந்தது. குங்கிலியமும் எண்ணெயும் குழைத்த பஞ்சை இடுக்கு இடுக்காக அடைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு முன்னாலேயே முடித்துவிட்டார்.

"இன்னைக்கு தண்ணியில விட்டுறலாமா மச்சான்?"

"காயணும் மாப்ள. சாரல் நேரம்லா. வெயில் வரணும்."

"வெயில் எப்பம் வரும்?"

"ஆகஸ்ட்ல வரும்."

"அது வரைக்கும்?"

"பாதி வேலைல விட்டுட்டு போறதா? கூட இருந்து பாத்துட்டுத்தான் போவேன்."

குருவானவரிடம் கிருபா ஒரே வார்த்தையில் தேதியைத் தள்ளிவைத்தாள். தள்ளிவைக்கக்கூடிய தேதி என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். சில நாள் கழித்துப் பஞ்சை விரலால் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மச்சானிடம் காட்டினேன். "மேல காஞ்சிருக்கும் மாப்ள, உள்ள காயணும்" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்து ஐந்தருவிக்கு வண்டியை எடுக்கச் சொன்னார். பாறையில் என் வழக்கமான இடம் எனக்காகக் காலியாகவே இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் சுள்ளென்று வெயில் வந்தது. ஜன்னலைப் பெயர்த்துப் படகை வெளியே எடுத்துக் குளத்துக்குக் கொண்டுபோனோம். தெருவே வந்திருந்தது. குருவானவர் ஜெபம் பண்ணினார். படகு மிதந்தது. பச்சைப் பாய் காற்றில் புடைத்தது. மச்சானை விரட்டக் கட்டிய படகுதான். ஆனாலும் என் கையால் கட்டியது. முதல் ஆளாக ஏறி உட்கார ஆசையாக இருந்தது. பேன்ட்டை மடித்துவிட்டு நிமிர்வதற்குள் மச்சான் வீட்டார் எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

"மச்சான், நானு?"

"ஆளு கூடிட்டு மாப்ள. அடுத்த நடை வாங்க."

கடைசியாக ஏறப்போன கிருபா என் காதருகே குனிந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். குளத்துல விடுத படகுக்கு ரூம எதுக்கு மூலைக்கு மூலை அளந்திய?"

"அது... ஒனக்கு அப்பமே தெரியுமா?"

"டேப்போட அந்த முனையப் பிடிச்சது நான்தான?"

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் போட்டாள். படகு நகர்ந்தது. நான் கரையில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, காவலுக்கு உட்கார்ந்தேன்.