யாரது என்கிற நாய்க்குட்டி விஷயமாக

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். வீடும் சௌக்கியம். நாய்க்குட்டி தேவைக்கு மேலேயே சௌக்கியம். நேற்று நீ போனில் போட்ட சத்தத்தில் இருந்த தெம்பை வைத்து, அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சௌக்கியம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ முடித்துவிடுகிறாய், அதுவும் நான் நினைத்தபடி முடிப்பதில்லை. கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. நாய்க்குட்டி காவலுக்கு லாயக்கில்லை, அதை விற்றவனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மாதக் கடைசியில் நீ வண்டி அனுப்புவாய், நான் வீட்டைப் பூட்டிவிட்டு அதில் ஏறி, நாய் வளர்க்கத் தடையுள்ள உன் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்து மிச்சக் காலத்தை அங்கேயே கழிக்க வேண்டும் என்று நீ போட்ட உத்தரவுக்கு இதுதான் என் பதில். நிதானமாகப் படிக்கவும்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதை நான் மறைக்கவில்லை. தண்ணீர் மோட்டாரைச் சரிபார்க்க வந்தேன் என்று சொன்னவனை உள்ளே விட்டது நான்தான். டீ போட்டுக் கொடுத்ததும் நான்தான். "கடையில வச்சுப் பிரிச்சாத்தான் சார் தெரியும், ஒரு கை பிடிங்க" என்று அவன் சொன்னபோது, மோட்டாரின் மறுமுனையைப் பிடித்து அவன் வண்டியில் ஏற்றிவிட்டதும் நான்தான். பஸ் நிலையத்து விசாரணைக் கவுண்ட்டரில் காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். முன்பின் தெரியாதவர்கள் வந்து நிற்பதும், நான் "சொல்லுங்க" என்பதும்தான் என் உத்தியோகம். தெரிந்தவர்கள் யாரும் அங்கே வந்து பஸ் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற அன்று சாவியையும் மை டப்பாவையும் திருப்பிக் கொடுத்தேன், இந்தப் பழக்கத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மோட்டார் போனதும் நீ குட்டியை அனுப்பினாய். கூடவே அதன் வம்சாவளிச் சான்றிதழும் வந்தது. அதன் தாத்தா ஏதோ ஒரு கிடங்கின் வாசலில் திருடர்களுக்குச் சிம்ம சொப்பனமாக இருந்தவராம். நம் வம்சத்தில் அப்படி யாரும் இல்லை என்பதால் குட்டியை மரியாதையாகவே வரவேற்றேன். நீ வைத்த பெயர்தான் என் வாயில் நுழையவில்லை. பல்செட்டை மாட்டியும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். சரி, பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

நீ ஏற்பாடு செய்த பயிற்சியாளர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "காவல் இனம் சார் இது. வெளியாள் ஒருத்தரும் தொடக்கூடாது, கொஞ்சக்கூடாது. மணி அடிச்சா நீங்க முறைப்பா ஒரே வார்த்தையைச் சொல்லணும். அதைக் கேட்டதும் வாசல்ல ஏதோ சரியில்லன்னு அது புரிஞ்சுக்கும்." எனக்குத் தெரிந்த முறைப்பான வார்த்தை "யாரது" ஒன்றுதான். மணி அடித்தபோதெல்லாம் அடிவயிற்றிலிருந்து யாரது என்றேன். குட்டி கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பாடம் நடக்கும்போது மாணவன் தூங்கினால் என்ன செய்வது? பிஸ்கட்டைக் காட்டி எழுப்பினேன். நான் யாரது என்பேன், அது ஓடி வரும், பிஸ்கட் வாங்கிக்கொள்ளும். கொஞ்ச நாளில் தன் பெயர் யாரது என்று அது முடிவுக்கு வந்துவிட்டது. அதன் இடத்திலிருந்து யோசித்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் யாரது என்று கேட்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எங்கே மணி அடித்தாலும், எங்கே கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரு குரல் யாரது என்கிறது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்முடையது வாசல் கேட்டுக்கு அடியில் நுழைந்து அங்கே போய் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது, கூப்பிட்டு வந்த விருந்தாளிக்குப் பிஸ்கட் இல்லையா என்று அவர்கள் முகத்தைப் பார்க்கிறது, அவர்களும் மனிதர்கள்தானே, கொடுத்துவிடுகிறார்கள். எதிர்வீட்டுத் தையல்கார அம்மாதான் முதலில் புகாரோடு வந்தார்.

"அண்ணா, உங்க யாரது எங்க வீட்டுல வந்து உட்கார்ந்திருக்கு."

"யாரதும்மா?"

"அதாண்ணா. யாரதுதான்."

மறுநாள் கூரியர்காரர் மணி அடித்தார். நான் உள்ளேயிருந்து யாரது என்றேன். "இங்கதான் சார் இருக்கு, என் கால்கிட்ட" என்றார்.

எனக்கும் கவலை வராமல் இல்லை. தடுப்பூசி போடப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன், காவல் காக்க வேண்டிய குட்டி வெளியாட்களிடம் எவ்வளவு தூரம் பழகலாம் என்று. பயிற்சியாளர் சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னார்: "இந்த வயசுல எல்லாரையும் பார்க்கணும் சார். குடை பிடிச்சவங்க, தொப்பி போட்டவங்க, தடி ஊன்றவங்க, எல்லாரையும். ஆளைப் பார்த்துப் பயந்து வளர்ற குட்டிதான் பெரிசானதும் பயத்துல கடிக்கும். நல்லவங்களைப் பார்த்துப் பழகினாத்தான் தப்பானவங்க வித்தியாசமாத் தெரிவாங்க. அதுக்காக ஒரேடியாக் குழையவும் விடாதீங்க. அளவாப் பழகட்டும்." அந்த அளவு எவ்வளவு என்று நான் கேட்பதற்குள், அது மேஜைக்கடியில் போய் ஆஸ்பத்திரிப் பூனையோடு சேர்ந்து படுத்துவிட்டது. பூனை எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

இனி நெட்டை என்று நாம் கூப்பிடுகிற உன் சிநேகிதன் விஷயம். உன்னோடு பள்ளியில் படித்தவன், சின்னப் பிள்ளையிலிருந்து நான் பார்க்க வளர்ந்தவன், அவனைத் திருடன் வேஷம் போட்டு அனுப்பிக் குட்டியைப் பரீட்சை வைத்திருக்கிறாய். நான் மத்தியானம் கண்ணயர்ந்த சமயம் பார்த்து முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்பக்கச் சுவரேறிக் குதித்திருக்கிறான். அதில் அவனுக்கு முன்அனுபவம் இல்லை. பூந்தொட்டி ஒன்று போயிற்று, அவன் கணுக்கால் போயிற்று. சத்தம் கேட்டு நான் யாரது என்றேன். குட்டி உடனே அவனை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தது, கூப்பிட்ட குரலுக்கு வந்ததை நீ கவனிக்க வேண்டும், பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு திரும்ப அவனிடமே போய் அவன் மடியில் ஏறிப் படுத்துவிட்டது. அதன் எடை உனக்குத் தெரியாது. நான் போய்ச் சேரும்வரை அவனால் அசையக்கூட முடியவில்லை. திருடனைக் கவ்விப் பிடித்து வைப்பதற்கும் இதற்கும் பலனில் என்ன வித்தியாசம்? ஐஸ் வைத்துக் கட்டி, டீ கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். உன்னிடம் அவன் "அங்கிள், நாய் ரெண்டுமே சுத்த மோசம்டா" என்று சொன்னானாம். டீயைப் பற்றிச் சொன்னானா என்று கேள்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டு மணியை அடித்தவர்கள் மீட்டர் பார்ப்பவரும் மோட்டார் திருடியவனும்தான். இப்போது தையல்கார அம்மா புகார் சொல்ல வந்து, உட்கார்ந்து, புகாரை மறந்துவிட்டுப் போகிறார். பயிற்சியாளர் கடிக்கப் பழக்குவதற்காகக் கையில் ஒரு தடித்த உறையை மாட்டிக்கொண்டு வந்தார், குட்டி அதை உருவிக்கொண்டு போய்த் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டது. உறையைத் திரும்ப வாங்குகிறேன் என்று அவர் தினமும் வருகிறார், பேசிக்கொண்டிருந்துவிட்டு வாங்காமல் போகிறார். எந்த நேரமும் யாராவது உட்கார்ந்திருக்கும் வீட்டில் திருடன் எப்போது நுழைவான்? உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது என்று தெரியும். போன தடவை வந்திருந்தபோது லிஃப்டில் ஒருவர் பேச ஆரம்பித்தாரே என்று நான் "சொல்லுங்க" என்றேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் காட்டி, உங்களிடம் பேசவில்லை என்றார். அதற்கப்புறம் அங்கே நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டை விட்டு வர எனக்கு மனமில்லை. குட்டியை விட்டுவிட்டு வரவும் மனமில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். இந்தக் குட்டி இதுவரை எவரையும் பார்த்து உறுமியதில்லை, இனிமேல் உறுமப் போவதுமில்லை. எல்லாரையும் தன் ஆளாக நினைப்பது அதன் சுபாவம். அது காவலுக்கு ஆகாது என்று நீ சொல்வது சரியென்றே வைத்துக்கொள், பரவாயில்லை, அதை நான் காவல் காத்துக்கொள்கிறேன். தயவுசெய்து வண்டியை நிறுத்தி வை.

மருமகளுக்கு என் அன்பு. குழந்தையின் தலையில் கை வைத்து நான் ஆசி சொன்னதாகச் சொல். நீயும் தீர்க்காயுசாக, கொஞ்சம் குறைந்த சத்தத்தோடு, நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது நீ போன் செய்தாய். கையெல்லாம் பசையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். வண்டி பேசியாயிற்று, சாமான் கட்ட ஆள் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நீ, "என்னப்பா இரைச்சல், லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அது குட்டி. முதுகு முடி சிலிர்த்து, பல்லெல்லாம் தெரிய, போனைப் பார்த்து உறுமியது. நீ பேசி முடித்த நாட்களில் நான் சாப்பிடாமல் படுத்துவிடுவதை அது கவனித்து வைத்திருக்கிறது போலிருக்கிறது. "என் பிள்ளைடா அவன்" என்று அதட்டினேன். அது நம்பவில்லை. அதனால் மேலே எழுதியதை அடித்துவிடு, இது எல்லாரிடமும் பழகுகிற குட்டி இல்லை. பயந்துபோய் டாக்டரம்மாவைக் கேட்டேன். "ஆளைக் காட்டாமக் குரலை மட்டும் கேட்டா அதுக்கு வெளியாள்தான் சார். நேர்ல வரச் சொல்லுங்க. வந்து தரையில உட்காரட்டும், அதுவே மோந்து பார்த்துக்கும்" என்கிறார். வண்டியை அனுப்பாதே. நீ வா.