மோகனத்தில் பின்னால் வந்த லாரி

கற்பனை ஸ்வரம் என்றால் அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பது. அதற்கு எதற்குப் பயிற்சி? வயலின் கற்கத் தொடங்கிய மூன்றாம் வருடம் நான் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். (சோம்பேறிகளுக்குக் கலையைப் பற்றி இப்படிச் சில தெளிவான கொள்கைகள் உண்டு.)

நாமக்கல்லில் என் ஆசிரியையின் கொள்கை வேறு. "மோகனத்துல தினமும் பத்து வரி ஸ்வரம் எழுதி வாசிங்க. அப்பறம் தானா வருமுங்க" என்றார்.

"எழுதி வாசித்தால் அது கற்பனையா?" என்று கேட்டேன். அவர் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார்.

அந்தச் சமயத்தில் என் மாமனார் சேந்தமங்கலத்தில் புது வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். லாரித் தொழில் செய்பவர். வந்த விருந்தாளிகளில் பாதிப் பேரும் அதே தொழில். கச்சேரிக்குச் சேலத்திலிருந்து ஒரு பாடகி வந்திருந்தார். உடன் வயலின் வாசிக்க வேண்டியவருக்கோ காய்ச்சல்.

"எங்க ஊட்டுக்காரரு வாசிப்பாருங்க" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி கோமதி. பிறகு என்னைத் தனியே இழுத்து, "எங்கப்பா உங்களக் கோழி மருந்து விக்கறவருன்னுதான் எல்லார்த்துகிட்டயும் சொல்றாரு. இன்னைக்காச்சும் மானத்தக் காப்பாத்துங்க" என்றாள்.

பாட்டு முடியும்வரை பாடகியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு தப்பித்தேன். அடுத்து அவர் மோகனத்தில் ஸ்வரம் பாடினார். ஒரு சுற்று சுற்றி, பாட்டின் முதல் சொல்லில் அழகாக வந்து நின்று, என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் அப்படியே வாசித்து, அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

தோன்றட்டும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மிருதங்கம் காத்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு (ஞானிகள் அப்படித்தான் செய்வார்கள்) வில்லை இழுத்தேன். விரல்கள் தாமாகவே ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டன. நன்றாகப் பழகிய மெட்டு. உற்சாகமாகிவிட்டேன். இரண்டாம் முறை வாசித்தேன், மூன்றாம் முறையும்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். பின்வரிசைக்காரர்கள் எழுந்து வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மோட்டார் சைக்கிளை நகர்த்த ஓடினார். மாமனார் வாசலைப் பார்த்து, "யாருங்க அது, பந்தலுக்குள்ள வண்டியப் பின்னால எடுக்கறது?" என்றார்.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. எங்கள் வீட்டுக்கு எதிரே லாரி பட்டறை. பின்னால் எடுக்கும்போது லாரிகள் எழுப்பும் எச்சரிக்கை மெட்டைப் பத்து வருடமாகத் தினமும் கேட்கிறேன். மோகனத்தைக் கேட்டது வாரத்துக்கு ஒரு மணி நேரம். எது தானாக வரும்?

பாடகி பெருந்தன்மையாகப் பாட்டை எடுத்து என்னைக் கரை சேர்த்தார். மிருதங்கக்காரர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

பந்தியில் மாமனார் அருகில் வந்து உட்கார்ந்தார். "சுதி சுத்தமுங்க மாப்ள. நெசமாவே லாரின்னு நெனச்சுப்புட்டேன்."

மறுநாளே பத்து வரி எழுத ஆரம்பித்தேன். இன்று ஓரளவு ஸ்வரம் வாசிக்கிறேன். யாரும் எழுந்து ஓடுவதில்லை. ஆனால் வயலின் பெட்டியோடு சேந்தமங்கலம் போனால், மாமனார் வாசலுக்கு வந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், லாரிக்குப் பின்னால் நின்று வழிகாட்டும் கிளீனரைப் போலக் கையை ஆட்டுகிறார்:

"வரட்டும்... வரட்டும்... லெப்டுல செவுருங்க மாப்ள... ஹோல்டான்."