மீட்டருக்குப் புகட்டிய வண்டி மை

எனக்கு எதையும் கொஞ்சமாக ஊற்ற வராது. குழம்புக்கு எண்ணெய், இட்லிக்குச் சட்னி, பேத்தி தலைக்குச் சீயக்காய் என்று எதுவானாலும் கை தாராளம். (எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். சீயக்காய் என்றதும் முறைக்கிறாள். உள்ளதைத்தானத்தா சொல்றேன்!) இந்தத் தாராளத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மீட்டர் பொறுக்காது.

அது எழுபதுகளில். அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. என் வீட்டுக்காரர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தார். ரெண்டு பேர் ஓட்டிச் சலித்த வண்டி. உதைத்தால் பக்கத்துத் தெரு கோழியெல்லாம் கூரையேறும். என் மாமியாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவருடைய தம்பி மகன் ஒருத்தன் இப்படித்தான் வேகமாகப் போய்க் கருவேல முள்ளுக்குள் விழுந்து, குப்புறப் படுத்தே ஒரு மாதம் சோறு தின்றானாம்.

"வேகமாப் போகக் கூடாது"ன்னு எல்லா அம்மாவும்தான் சொல்லுவாக. என் மாமியார் சொல்லோடு விடவில்லை. வேகம் காட்டுகிற மீட்டரில் இருந்த நம்பரெல்லாம் அவருக்கும் எனக்கும் கோலப்புள்ளி மாதிரி. அதனால் மகனைக் கூப்பிட்டு, "பையப் போனா முள்ளு எங்க நிக்கும், காட்டு"ன்னு கேட்டார். என் வீட்டுக்காரர் காட்டினார். உடனே மாமியார் சாந்துப் பொட்டை எடுத்து, மீட்டர் கண்ணாடியில் அந்த இடத்தில் அழகாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, நீ பின்னால உக்காந்து முள்ளையே பாத்துக்கிட்டு வரணும். பொட்டைத் தாண்டுச்சுன்னா இவன் முதுகுல கிள்ளு."

"கிள்ளவா அத்தை?"

"நல்லாக் கிள்ளு. நாஞ் சொன்னேன்னு கிள்ளு. குலசாமி மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். புருஷனைக் கிள்ள மாமியாரே உத்தரவு போட்ட மருமகள் அந்தத் தாலுகாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்படி இருக்கும்போது என் தங்கச்சி பார்வதிக்கு ஒன்பதாம் மாசம் வளைகாப்பு வந்தது. அவளைப் பரளச்சியில் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்களுக்கு அம்மா இல்லை. அம்மா இடத்தில் நின்று முதல் வளையல் நான்தான் போட வேண்டும். "நீ வராம நான் கையை நீட்ட மாட்டேன்க்கா"ன்னு சொல்லி அனுப்பியிருந்தாள். சீர் சாமானோடு எங்கள் சித்தி முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டாள். என்னையும் கூப்பிட்டாள். நான் மாட்டேன் என்றேன். மோட்டார் சைக்கிளில் போய் அந்த ஊர் நடுவில் இறங்க வேண்டும், அதைப் பரளச்சியே பார்க்க வேண்டும். எனக்கு அப்போது இருந்த திமிருக்கு அதுதான் வளைகாப்பு.

முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் முள் செத்துக் கிடக்கிறது. வண்டி ஓடுகிறது, முள் அசையவில்லை.

"முள்ளு ஆடலையின்னா வண்டியும் கிளம்பாது. காலைல பஸ்ஸுக்குப் போ"ன்னு மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வண்டிக்கு அடியில் கல்லைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினார். சக்கரத்திலிருந்து மீட்டருக்கு ஒரு குழாய் போகும். அதற்குள் ஒரு கம்பி. சக்கரம் சுற்றினால் கம்பி சுற்றும், கம்பி சுற்றினால் முள் ஏறும். மேல் முனையைக் கழற்றிவிட்டு, என்னைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். கம்பி அசையவில்லை. கீழ் முனையையும் கழற்றினார். அங்கே சக்கரத்தோடு இருக்கிற, கம்பி நுழைகிற துவாரம் ஒழுங்காகச் சுற்றியது. கம்பியை உருவி, மீட்டருக்குள் நுழைத்து விரலால் திருகினார். முள் துள்ளியது.

"கீழ சரியாச் சுத்துது. மீட்டருக்கும் உசுரு இருக்கு. நடுவுலதான் வறண்டு போச்சு. லேசா மை போட்டா ஓடிரும்" என்றார்.

அதற்குள் கடையிலிருந்து ஆள் வந்து, லோடு வந்துவிட்டதென்று கூப்பிட்டான். அவர் கம்பியையும் குழாயையும் கொடியில் தொங்கப் போட்டுவிட்டுப் போனார்.

லேசா என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் யோசித்தேன். எங்கள் மாட்டு வண்டி அச்சுக்கே கைநிறைய மை போடுகிறோம். அதை இழுக்க ரெண்டு மாடு போதும். இதுவோ மோட்டார். இதற்கு எவ்வளவு போட வேண்டும்?

மாட்டு வண்டிக்கடியில் மூங்கில் குழாயில் வண்டி மை தொங்கியது. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மை. ராத்திரி மாதிரிக் கறுப்பு. கெட்டியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுக் கலக்கினேன். குழாயின் கீழ் முனையைத் துணியால் அடைத்தேன். மேல் முனை சின்னதாக இருந்தது. எதைக் கொண்டு ஊற்றுவது? பிள்ளைகளுக்கு எண்ணெய் புகட்டுகிற சங்கு பரணில் இருந்தது. எடுத்தேன். ஒரு சங்கு புகட்டினேன். குடித்தது. இன்னொரு சங்கு. அதையும் குடித்தது. பிள்ளை நல்ல பசியில் இருக்கிறது என்று விளிம்பு வரை புகட்டி, கம்பிக்கும் தலை முதல் கால் வரை தேய்த்துவிட்டு உள்ளே விட்டேன்.

அவர் வந்து பார்த்து, "அட, நீயே போட்டுட்டியா! எம்புட்டுப் போட்ட?" என்றார்.

"லேசாத்தேன்."

மாட்டி, முற்றத்தில் உருட்டினார். முள் பாம்பு மாதிரித் தலை தூக்கியது. மாமியார் கண்ணாலே பார்த்துவிட்டு, "சரி, போய்ட்டு வாங்க" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, அவ்வளவு பெருமை.

காலையில் பட்டுச் சேலையில் நான், வெள்ளை வேட்டி சட்டையில் அவர். ஊர் எல்லை வரை முள் பொட்டுக்குக் கீழே அடக்கமாக நின்றது. கரிசல் காடு தொடங்கியதும் மெல்ல ஏறியது. பொட்டைத் தொட்டது. கிள்ளினேன். அவர் வேகத்தைக் குறைத்தார். முள் குறையவில்லை, இன்னும் ஏறியது. கிள்ளினேன்.

"ஏ புள்ள, பையத்தானே போறேன்!"

"முள்ளு தாண்டுதுங்க!"

இன்னும் குறைத்தார். முள் இன்னும் ஏறியது. பருத்தி மூட்டை ஏற்றின மாட்டு வண்டி ஒன்று பின்னாலிருந்து வந்து எங்களைத் தாண்டியது. (சத்தியமாத் தாண்டுச்சு!) வண்டிக்காரர் மூட்டை மேல் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?"

கிள்ளு வாங்கின முதுகு என் வீட்டுக்காரருக்கு எரிந்துகொண்டிருந்தது. "இந்த ரேட்டுல போனா உன் தங்கச்சிக்குப் பேறுகாலமே முடிஞ்சிரும்"னு உறுமினார்.

நல்ல நேரம் போகப் போகிறது. பார்வதி கையை நீட்டாமல் மணையில் உட்கார்ந்திருப்பாள். இந்தப் பக்கம் குலசாமி, அந்தப் பக்கம் தாயில்லாப் பிள்ளை. யோசித்துப் பார்த்தேன். முள் தாண்டுவதைப் பார்த்தால் கிள்ளுவதாகத்தானே சத்தியம்? இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீங்க போங்க. எனக்கு ஒண்ணும் தெரியல."

போனார் பாருங்கள்! காது அடைத்தது. கொஞ்ச தூரத்தில் முகத்தில் சொட்டென்று ஒரு துளி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் படபடவென்று.

"மழைங்க! மழை பேயுது!" என்று கத்தினேன். எங்கள் சீமையில் மழைத் துளி முகத்தில் விழுந்தால் யாருக்குத்தான் கத்தத் தோன்றாது? மூடின கண்ணோடே ரெண்டு கையாலும் மழையை வாங்கி முகமெல்லாம் தேய்த்துக்கொண்டேன்.

வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் முன்னால் உட்கார்ந்திருந்தது என் புருஷனே இல்லை. கரிமூட்டம் போடுகிற ஆள் யாரோ. வெள்ளைச் சட்டை கறுப்புச் சட்டையாகி, மீசை எது முகம் எது என்று தெரியவில்லை. கம்பி சுற்றச் சுற்ற மையெல்லாம் திருகி மேலேறி, மீட்டரை நிரப்பி, முள்ளையும் மேலே தள்ளி, ஓரத்தால் பீய்ச்சியிருக்கிறது.

"எம்புட்டுடி ஊத்துன?"

"...கொஞ்சம் தாராளமா."

துடைக்க நேரமில்லை. துடைத்தாலும் போகிற மையா அது? ஊருக்குள் நுழைந்தபோது, நான் ஆசைப்பட்டபடியே பரளச்சி மொத்தமும் எங்களைப் பார்த்தது. நாய் குரைத்தது. பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தின.

பந்தலுக்குள் ஓடினேன். பார்வதி கன்னமெல்லாம் சந்தனத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. "என் தங்கமே"ன்னு ரெண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்துவிட்டேன்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. சந்தனத்தின் மேல் அஞ்சு விரலும் கறுப்பாக, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. சுபகாரியத்தில், வயிற்றுப் பிள்ளைக்காரி முகத்தில்! அவள் மாமியார் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

எங்கள் சித்திதான் முதலில் பேசினாள். "என்ன பாக்குறீக? எங்க ஊருல கண்ணு படாம இருக்க இப்படித்தான் மை வைப்பாக. தாய் எடத்துல இருக்கறவ வைக்கணும்." (அப்படியொரு வழக்கம் எங்க ஊர்லயும் இல்ல, எந்த ஊர்லயும் இல்ல.)

அடுத்த சோதனை வளையல். பார்வதிக்குக் கை வீங்கியிருந்தது. வளையல்காரர் அளவு பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உடைந்தால் ஆகாது என்று எல்லாருக்கும் பயம். நான் என் கைக்குள் அவள் கையைப் பிடித்து முதல் வளையலை வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது! அடுத்ததும் போனது. விளக்கெண்ணெய் அல்லவா! பார்வதிக்குச் சிரிப்பு வந்தது. அழுத கண்ணும் கறுத்த கன்னமுமாக அவள் சிரித்த சிரிப்பில் வளையலெல்லாம் குலுங்கியது.

சாயங்காலம் வீட்டு வாசலில் மாமியார் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராக மீட்டரைப் பார்த்தார். முள், கறுப்புக் கண்ணாடிக்குள் கடைசி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொட்டு எங்கோ பின்னால் கிடந்தது.

"ஆத்தாடி! பறந்துல்ல போயிருக்கீக!"

"இல்ல அத்தை, மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போச்சு!"

"ஆமா, அந்த மாடும் பறந்துச்சாக்கும்."

அந்த முள் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. கொஞ்ச நாளிலேயே மாமியார் பக்கத்து வீட்டில், "எம் மகன் ஓட்டுனா முள்ளுக்கு நம்பர் பத்தாது"ன்னு பெருமையடிக்க ஆரம்பித்தார். கடைசி வரைக்கும் அதை நிறுத்தவில்லை.

அன்று வயிற்றில் இருந்த பார்வதி மகனுக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது. போன மாசம் புது வண்டி வாங்கி, கோவில் வாசலில் பூசை போட்டான். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தான், மாலை போட்டான். சந்தனப் பொட்டு வைக்க நான் கிட்டே போனதும் குறுக்கே வந்து நின்றான்.

"பெரியம்மா, மொதல்ல கையைக் காட்டுங்க."

ரெண்டு கையையும் விரித்துக் காட்டினேன். சுத்தம். அவனுக்குத் திருப்தி இல்லை.

"இதுல கம்பியும் இல்ல, முள்ளும் இல்ல. நம்பர்தான் எரியும். ஊத்துறதுக்கு ஓட்டையே கெடையாது, ஆமா" என்று சொல்லிக்கொண்டே, ஊர் பார்க்க என் முந்தானை முடிச்சையும் அவிழ்த்துப் பார்த்தான்.

வெற்றிலை பாக்குதான் இருந்தது. சங்கை நான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.