டி.டி.ஆர். வீட்டுச் சிலந்தி

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைத் தவிர மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் எதிர் ஃபிளாட் டி.டி.ஆர்.தான். பெருமாள் விஷயத்திலும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. புறப்பாட்டின்போது பல்லக்கையே அவர் மேலும் கீழும் பார்ப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிடையர் ஆனவர். வேலை போனதே தவிர வியாதி போகவில்லை. எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் யார் ஏறினாலும், “எந்த மாடி? யாரைப் பாக்கணும்? அவா வரச் சொன்னாளா?” என்று குடைவார். முசிறியிலிருந்து என் சொந்த அண்ணன் வாழைத்தாரும் கையுமாக வந்தபோது கீழேயே நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டார். “ஏம்மா, ஒருத்தர் உன் அண்ணான்னு சொல்றார். ஜாடை ஒண்ணும் ஒத்துப்போகலையே, அனுப்பட்டுமா?” அண்ணன் அதற்கப்புறம் வாழைத்தாரை பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுகிறார்.

அந்த மனிதருக்கு ஒரே பிள்ளை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன மழைக்காலத்தில் பைக்கில் போனவனை லாரி அடித்துவிட்டது. என் கணவர்தான் டி.டி.ஆரை அழைத்துக்கொண்டு போனார். பிணவறையில் துணியை விலக்கிக் காட்டியபோது அவர் அழவில்லையாம். “இது எம்பிள்ளைன்னு யார் சொன்னா? நன்னா பாருங்கோ, வேற யாராவது இருக்கும்” என்றாராம். பையில் இருந்த ஆபீஸ் கார்டைக் காட்டினார்கள். “கார்டு மாறிப்போறது சகஜம்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபடி அங்கேயே நின்றாராம். காரியமெல்லாம் முடிந்தபின்னும் அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. கல் மனசு என்று அபார்ட்மென்ட்டில் சிலர் பேசினார்கள். அவர்கள் வாயில் மண் விழ.

பிள்ளையின் அறை நண்பர்கள் அவனுடைய துணிமணிகளோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். உள்ளே கொஞ்சம் மண். மண்ணில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, உடம்பெல்லாம் மயிரோடு ஒரு சிலந்திக் குட்டி. டாரன்டுலாவாம். வளர்ந்தால் உள்ளங்கையை நிறைக்குமாம். வீட்டில் சொன்னால் உதை விழும் என்று பையன் ரகசியமாக வளர்த்திருக்கிறான். அவன் வைத்த பெயர் பாப்பா.

வெங்காயமே வாசற்படி தாண்டாத வீடு அது. பாப்பாவுக்கோ உயிரோடு சுவர்க்கோழிப் பூச்சி வேண்டும். “கொன்னு திங்கற ஜந்துவைக் கொண்டு வந்து பெருமாள் இருக்கற ஆத்துல வச்சிருக்காரே, நான் என்ன பண்ணுவேன்!” என்று அவர் மனைவி, மாமி, என்னிடம் வந்து புலம்பினார். டி.டி.ஆர். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “கொழந்தை வளர்த்தது. அது எங்கே போகும்?” பாப்பாவுக்கு ஃபிரிட்ஜ் மேல் இடம் கிடைத்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வளர்ப்பு மீன் விற்கிற கடையில் சுவர்க்கோழி கிடைத்தது. டப்பாவில் அடைத்து, மஞ்சள் பையில் போட்டு, டவுன் பஸ்ஸில் கொண்டுவருவார். ஒருநாள் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். பை கிரிக் கிரிக் என்று கத்தியது.

“என்ன சார் பையில சத்தம்?” என்றார் கண்டக்டர்.

“சுவர்க்கோழி. லக்கேஜ் உண்டுன்னா டிக்கெட் போடுங்கோ. இல்லேன்னா இல்லேன்னு வாயால சொல்லுங்கோ. செக்கிங் ஏறினா நான் பதில் சொல்லணும்.”

“பூச்சிக்கெல்லாம் டிக்கெட் கிடையாதுங்க சார், உக்காருங்க.”

“எந்த ரூல்ல கிடையாது?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அவரை முன்பின் தெரியாதவள் மாதிரி ஜன்னல் வழியாகக் காவேரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் பாப்பா சாப்பிடுவதை நிறுத்தியது. முதல் நாள் மாமி சந்தோஷப்பட்டார். “இன்னிக்கு ஏகாதசியோன்னோ, அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்!” துவாதசியும் வந்தது. பாப்பா விரதம் முடித்துப் பாரணை பண்ணவில்லை. சுவர்க்கோழி அதன் முதுகின்மேல் ஏறி நடந்தது, அப்போதும் பாப்பா அசையவில்லை. டி.டி.ஆர். வழக்கம்போல் எல்லோரையும் விசாரித்தார். கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். தண்ணீர் சரியில்லை என்றார். மாமி போடும் சாம்பிராணிதான் காரணம் என்றார். கடைசியில் டப்பாவோடு புத்தூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் போனார்.

“சார், நான் மாடு, ஆடு, நாய் பாக்கறவங்க” என்றாராம் டாக்டர்.

“ஏன், நாய்க்கு மட்டுந்தான் பசிக்குமோ?” என்று கேட்டுவிட்டு வந்தாராம்.

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மாமி ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்ளும்வரை. “அது வாய் வைக்கலேன்னு இவரும் தட்டை நகர்த்திடறார்மா. வேஷ்டி இடுப்புல நிக்கமாட்டேங்கறது. பிள்ளை போனப்பகூட ரெண்டு வாய் சாப்பிட்டார். இது போயிடுத்துன்னா இவரும் போயிடுவார். நான் தனியா என்ன பண்ணுவேன்?”  நேரே போய் டப்பாவைப் பார்த்து, “சனியனே, ஒரு வாய் தின்னு தொலையேன்!” என்று திட்டினேன். வேறென்ன செய்ய முடியும்?

ஒரு மத்தியானம் மாமி கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். ஓடினேன். பாப்பா மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே.

மாமி அதற்குள் எல்லாம் ஆரம்பித்துவிட்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு உயிர் பிரிகிறது என்றால் கட்டிலிலிருந்து தரையில் இறக்க வேண்டும், தெற்கே தலை வைக்க வேண்டும், வாயில் துளசி தீர்த்தம் விட வேண்டும். டப்பா ஃபிரிட்ஜ் மேலிருந்து தரைக்கு வந்திருந்தது. மாமி ஒரு கையில் தீர்த்த வட்டிலோடு, மறுகையால் டப்பாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். “இதுல எதும்மா தலை? எனக்கு ஒண்ணும் புரியலையே!”

“தீர்த்தத்தைக் கீழே வை!” என்று கத்தினார் டி.டி.ஆர். “டப்பாவைத் தொடாதே!”

“சார், போயிடுச்சு சார்” என்றேன், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

“யார் சொன்னா?”

“மல்லாந்து கிடக்குதே சார்.”

“மல்லாந்து படுத்தவாள்லாம் செத்தவாளா? பெர்த்துல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!”

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் கையில். என் கணவர் சொன்ன அந்தப் பிணவறைதான் எனக்கு நினைவு வந்தது. மறுபடியும் அதே பிடிவாதம், அதே கண்ணாடி துடைத்தல். இவரை இதிலிருந்து எப்படி எழுப்புவது என்று தெரியாமல் நானும் மாமியும் சுவரோரம் நின்றோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அசையறது” என்றார்.

நாங்கள் நம்பவில்லை. குனிந்து பார்த்தேன். நிஜமாகவே அசைந்தது. மேல்தோல் பிளந்து, ஈரச் சட்டையிலிருந்து கையை உருவுவது மாதிரி ஒவ்வொரு காலாக உருவி, வெளிறிப்போய், புத்தம்புதிதாகப் பாப்பா வெளியே வந்தது. பக்கத்தில் பழைய தோல் எட்டுக் காலோடு அப்படியே கிடந்தது. தோல் உரிக்கத்தான் இத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறது, கழுதை! மாமி தீர்த்தத்தைத் தன் தலையிலேயே தெளித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நான் சொன்னேனா இல்லையா என்று குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதிக்கவில்லை. டார்ச்சை அணைக்காமல் அந்தக் காலித் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கேயும் நான் ரொம்ப நாழி நின்னேன்மா” என்றார். “இதோ அசைவான், இதோ அசைவான்னு பார்த்துண்டே நின்னேன். அவன் அசையவே இல்லையேம்மா.”

அப்புறம் வாய்விட்டு அழுதார். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. மாமி வட்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அவர் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். “அழுங்கோ, அழுங்கோ” என்று தானும் அழுதார்.

நான் உள்ளே போனேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சமையலறைக்குள் கால் வைத்ததில்லை. யாரும் வா என்றதும் இல்லை, நானாகப் போனதும் இல்லை. அன்று யாரையும் கேட்கவில்லை. ரசத்தைச் சூடு பண்ணி, சாதத்தைக் குழையப் பிசைந்து தட்டில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். மெள்ள, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார்.

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா சார்?”

“போடும்மா” என்றார்.

என்னைப் பெற்ற அப்பாவுக்குக்கூட நான் அவ்வளவு ஆசையாகச் சோறு போட்டதில்லை.