பன்னிரண்டு சனிக்கிழமை வக்கீல்

ஆறு வருடம் படித்து வக்கீலாகிறவர்கள் ஓர் இனம். பன்னிரண்டு சனிக்கிழமை படித்து வக்கீலாகிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தாரை நீதிமன்றத்தில்தான் பார்க்கலாம். இரண்டாம் இனத்தாரைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். நீங்கள் மீன் வாங்கும் இடத்துக்கு அவர்களே வருவார்கள்.

எங்கள் ஏரிக்கரை ஊரில் பல் டாக்டரின் மாடியில் ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. வக்கீல் அலுவலகத்தில் முதல் படியில் கால் வைக்க விரும்புகிறவர்களுக்குச் சனிக்கிழமை தோறும் அங்கே வகுப்பு. சொல்லித்தருவது நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். காகிதத்தை வரிசையாக அடுக்குவது, நகல் எடுப்பது, நீதிமன்ற ஜன்னலில் நிற்பது, எல்லாவற்றுக்கும் மேலாக நாள் எண்ணுவது. ஒரு வழக்கில் பதில் சொல்லக் கடைசி நாள் எது என்று பிசகாமல் எண்ணிச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் பாதி வக்கீல்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் நம் இனத்தான் அதற்காகவா மாடி ஏறினான்? அவன் ஏறியது கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட.

கஸ்மீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தோரு வயது, வகுப்பில் சேரும்வரை கைப்பேசிக்கு உறை விற்றவன். மூன்றாவது சனிக்கிழமையே அட்டை கழுத்துக்கு வந்துவிட்டது. குளிக்கும்போது கழற்றினானா என்பது அவன் அம்மாவுக்குத்தான் தெரியும். நாலாவது சனிக்கிழமை தோல் பை. ஐந்தாவது சனிக்கிழமையிலிருந்து நடையே மாறிவிட்டது: தலை முன்னால் போகும், உடம்பு பின்னால் வரும், ஏதோ அவசர வழக்கு காத்திருப்பதுபோல. காத்திருந்ததெல்லாம் அவன் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த அலுவலகத்தின் நகல் இயந்திரம்தான்.

முதல் வகுப்பிலேயே வாத்தியார் அடித்துச் சொல்லியிருந்தார்: "நீங்க வக்கீல் இல்ல. யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது." இந்த ஒரு பாடத்தைக் கஸ்மீரோ மறக்கவே இல்லை. எதைச் சொன்னாலும் அதில்தான் தொடங்குவான்.

"இது சட்ட ஆலோசனை இல்லக்கா, ஆனா அண்ணன் கையெழுத்துப் போட்டது செல்லாது."

"இது சட்ட ஆலோசனை இல்ல, ஆனா உங்க மருமக மேல கேஸ் போடலாம்."

"இது சட்ட ஆலோசனை இல்லக்கா, ஆனா அந்தத் திலாப்பியா நேத்து மீனு."

மீன்காரி அவனை "வாங்க வக்கீல் சார்" என்பாள். "ஐயையோ, வக்கீல் இல்லம்மா, வக்கீல் உதவியாளர்" என்று அவன் மறுப்பான். மறுப்பதைக் கேட்டால் பெரிய நீதிபதி ஒருவர் அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

இப்படிப்பட்டவன் கையில்தான் லிகாயாவின் வீடு மாட்டிக்கொண்டது.

லிகாயா ஹாங்காங்கில் பதினோரு வருடம் பிறத்தியார் வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். இப்போது பார்த்துக்கொள்வது சொந்தப் புருஷனை. டோமெங்குக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து நாலு வருடமாகிறது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வைக்கிறாள். அவன் முதுகில் இன்றுவரை ஒரு புண் கிடையாது. 'டோமெங் உயிரோடு இருக்கும்வரை இங்கேயே இருங்கள்' என்று வீடு இருக்கும் நிலத்தின் சொந்தக்காரக் கிழவர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்ததும் மகன் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டான். குறித்த நாளுக்குள் பதில் போகாவிட்டால் அவன் சொன்னதே தீர்ப்பாகிவிடும். கட்டிலோடு டோமெங்கைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

பதிலைக் கஸ்மீரோ பயிற்சி பெறும் அலுவலகத்து வக்கீல் நன்றாகவே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கிழவரின் கடிதமும் சேர்ந்தாயிற்று. மிச்சம் ஒரே வேலை: பக்கத்து நகர நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது. அது கஸ்மீரோவின் பொறுப்பு.

நாலு நாள் அவன் அந்தக் காகிதக் கட்டை அலங்கரித்தான். ஓரங்களை அளவுகோல் வைத்து அளந்தான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுச்சீட்டு. கல்யாணக் காரைக்கூட அப்படி யாரும் ஜோடிக்க மாட்டார்கள். "எப்பப்பா குடுக்கப் போற?" என்று லிகாயா கேட்டபோதெல்லாம் சிரித்தான்.

"கடைசி நாள் பதினஞ்சாம் தேதிக்கா. அன்னைக்கு நம்ம ஊர்ப் புனிதர் சான் இசித்ரோ திருவிழா. கடைசி நாள் லீவுல விழுந்தா மறுநாள் வரைக்கும் டைம் உண்டு. விதி. பதினாறு காலைல ஜம்முனு போயிக் குடுப்பேன்."

"முன்னாடியே குடுத்தா வாங்க மாட்டாங்களா?"

"வாங்குவாங்க. ஆனா அதுல என்னக்கா திறமை இருக்கு?"

எட்டு மணி மாத்திரையை எட்டு மணிக்குக் கொடுத்துப் பழகியவள் இதைக் கேட்டுச் சும்மா இருந்தது தவறுதான். விதி என்றானே, விதியைப் படித்தவனாயிற்றே என்று விட்டுவிட்டாள். அந்த விதிக்கு ஒரு வால் உண்டு. வகுப்பில் வாத்தியார் அந்த வாலைச் சொன்ன நேரத்தில்தான் மாடிக்குப் பன்சித் நூடுல்ஸ் வந்தது. கஸ்மீரோ தட்டோடு வரிசையில் முதல் ஆளாக நின்றான்.

பதினைந்தாம் தேதி டோமெங்கைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, அவனுடைய ரத்த அழுத்த மாத்திரை வாங்க லிகாயா நகரத்துக்குப் போனாள். மருந்துக்கடைக்கு எதிரே நீதிமன்றம். கேட் திறந்திருந்தது.

"இன்னைக்கு லீவு இல்லையா தம்பி?"

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எதுக்கு லீவு? இன்னைக்கு வியாழக்கிழமைதானே?"

வாங்கிய மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பும் ஜீப்னி வண்டியில் ஏறினாள். ஊர் எல்லையில் ஊர்வலம் மறித்தது. இறங்கி, பேண்டு வாத்தியத்துக்கு நடுவிலும் ஜோடித்த எருமைகளுக்கு நடுவிலும் புகுந்து, திருவிழா விருந்து நடக்கும் ஊர்த் தலைவர் வீட்டுக்கு நடந்தாள். கஸ்மீரோ அங்கேதான் இருந்தான். வெள்ளைச் சட்டை, அட்டை, கையில் வறுத்த பன்றியின் மொறுமொறுத் தோல். அக்குளில் அவளுடைய வழக்குக் கட்டு! விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தான்.

"கோர்ட் திறந்திருக்கு கஸ்மீரோ."

"இருக்காதுக்கா. திருவிழா."

"நான் பார்த்துட்டு வரேன். உள்ள ஆளு இருக்கு, ஃபேன் சுத்துது."

"நீங்க பார்த்தது வேறக்கா. சட்டம் வேற."

ஹாங்காங்கில் மாத்திரையைத் துப்பும் கிழவர்கள் பலரை லிகாயா சமாளித்திருக்கிறாள். வாதாடவில்லை. அவன் கையைத் தூக்கி, கட்டை உருவிக்கொண்டு திரும்பினாள். பின்னாலிருந்து குரல் வந்தது:

"அக்கா, மூணாவது ஒட்டுச்சீட்டு கழண்டுடும், பார்த்து!"

நீதிமன்ற ஜன்னலை அவள் எட்டியபோது நாலு மணி தாண்டிப் பன்னிரண்டு நிமிடம். கண்ணாடி போட்ட குமாஸ்தா அம்மாள் கட்டைப் புரட்டினாள். மேல் உறையில் கொழுப்புக் கறை.

"இதெல்லாம் என்னம்மா, கலர் கலரா?"

"பையன் ஒட்டினான்."

"பிச்சுட்டுக் குடுங்க. ஏன் கடைசி நேரத்துல வர்றீங்க?"

"எங்க ஊர்ல திருவிழா. இன்னைக்குக் கோர்ட் லீவுன்னு சொன்னான்."

"உங்க ஊர்ல பன்னி வறுத்தா எங்க ஊர் கோர்ட்டை மூடிடுவாங்களா? கோர்ட் இருக்கிற ஊர்ல லீவா இருந்தாத்தான் மறுநாள். நாளைக்கு வந்திருந்தா, 'லேட்'டுன்னு முத்திரை குத்திக் குடுத்திருப்பேன். போயி அழுதுக்க வேண்டியதுதான்."

முத்திரை விழுந்தது. லிகாயா அந்தத் தேதியை இருமுறை படித்துவிட்டு வீட்டுக்குப் போய் டோமெங்கை இடப்பக்கம் புரட்டிப் படுக்க வைத்தாள். வழக்கு நடக்கிறது. கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கஸ்மீரோ? பன்னிரண்டாவது சனிக்கிழமை சான்றிதழ் வாங்கும் மேடையில் பேசினான். "எனது முதல் வழக்கில், காலக்கெடுவுக்குள் பதில் தாக்கல் செய்தோம்" என்றான். கைதட்டினார்கள். 'தோம்' என்ற அந்த ஒட்டுச்சீட்டையும் அவனேதான் ஒட்டிக்கொண்டான். இப்போது அவன் வீட்டு வாசலில் பலகை தொங்குகிறது. ஆள் வருகிறது. யாராவது லிகாயாவிடம் விசாரித்தால், "நகல் எடுக்கக் குடுங்க, நல்லா எடுப்பான். நாள் கணக்கை மட்டும் நீங்களே எண்ணிக்குங்க" என்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில், லிகாயா ஊர்வலத்துக்குள் புகுந்தபோது, 'இவ்வளவு அலைச்சல் எதற்கு, பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் தபாலில் போட்ட தேதியே கணக்காகுமே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் வாயைத் திறந்தீர்களா?

இது சட்ட ஆலோசனை இல்லை. ஆனால் கழுத்தைத் தடவிப் பாருங்கள். அட்டை ஏதாவது தட்டுப்படுகிறதா?