எண்டர் தட்டப் பயந்த பேக்கப் அண்ணன்

ஜொகூர் மாநிலத்தில் எண்டர் பொத்தானுக்கு இவ்வளவு பயந்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, போலீசுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. எங்கள் பேக்கப் அண்ணன் கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கும் அந்த ஒரே ஒரு பொத்தானைக் கண்டு நடுங்கினார்.

கெலாங் பாத்தாவில் அன்னாசிப் பழம் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் நெட்வொர்க் டெக்னீஷியன். கிளைகளைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் ரூட்டர் பெட்டிகள் எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. எதற்கும் ஒரு நகல் வைத்துக்கொள்வார் என்பதால் அவருக்குப் பேக்கப் என்று பெயர். நாசி லெமாக் சோறு வாங்கினால் இரண்டு பொட்டலம். ஒன்று கீழே கொட்டிவிட்டால்? வீட்டுச் சாவி என்னிடம் ஒன்று, கேண்டீன் நடத்தும் மலாய்க்கார அக்காவிடம் ஒன்று, கேட் காவலாளியிடம் ஒன்று. திருடன் வந்தால் பூட்டை உடைக்கவே தேவையில்லை, எங்களில் யாரையாவது கேட்டால் போதும்.

ரூட்டரில் ஃபைல் காப்பி செய்ய மௌஸ் எல்லாம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். முதலில் எங்கிருந்து, அப்புறம் எங்கே. மாற்றித் தட்டினால் நல்ல ஃபைல் மேல் கெட்டது ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் அண்ணன் தட்டி முடித்ததும், நான் பின்னால் நின்று இமிகிரேஷன் அதிகாரி மாதிரி விசாரிக்க வேண்டும்.

“எங்கேருந்து வருது அண்ணே?”

“லேப்டாப்லேருந்து.”

“எங்கே போவுது?”

“ரூட்டருக்கு. இரும்மா, இன்னொரு தரம் கேளு.”

மூன்று தரம் கேட்ட பிறகு, கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலால் தட்டுவார். ஐந்து நிமிட வேலை மதியச் சாப்பாடு வரை இழுக்கும். இந்த வேகத்தைப் பார்த்து எங்கள் மேனேஜர் மேடம் அவருக்கு ஒரு வார்னிங் லெட்டரே கொடுத்திருந்தார். அண்ணன் அதையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை பெக்கான் நானாஸ் கிளைக்குப் போனோம். அங்கே இருந்த பழைய ரூட்டருக்கு ஒரு சின்ன ஃபைலை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை எனக்கு வேலை நிரந்தரம் என்கிற லெட்டர் வர வேண்டியிருந்தது. அதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் அந்த லெட்டர் வராமலே வீட்டுக்குப் போனவள் நான். மூன்றாவது தடவையும் அப்படி ஆனால், பொந்தியானில் அக்கா வீட்டுக்குப் போய் மாமா முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அண்ணன், முதல் லேப்டாப் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று இரண்டாவது லேப்டாப்பை எடுக்க வேனுக்குப் போனார். வெளியே வானம் கறுத்து, தூரத்தில் இடி உறுமியது. எனக்குப் பொறுமை போய்விட்டது. நானே கட்டளையைத் தட்டினேன். ரூட்டர் ஏதோ கேள்வி கேட்டது. படிக்காமல் எண்டர் தட்டினேன்.

‘காப்பி செய்யும் முன், உள்ளே இருப்பதை அழிக்கவா?’ என்பதுதான் அந்தக் கேள்வி. வெறும் எண்டர் தட்டினால், அழி என்று அர்த்தம். திரையில் அழிவதைக் காட்டும் ‘e’ என்ற எழுத்து வரிசையாக ஓடியது. ரூட்டரை எழுப்பி நிறுத்தும் பெரிய ஃபைல் மொத்தமாகப் போய்விட்டது.

கதவருகில் அண்ணன் நின்றார். “அலமாக்! அழிச்சிட்டியாம்மா?”

“ஓடிக்கிட்டுத்தானே இருக்கு அண்ணே?”

“இப்ப ஓடும் லா. கரண்டு போச்சுன்னா அப்புறம் எந்திரிக்காது.”

அந்தக் கிளையில் கரண்டு போனால் தாங்கும் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஒரு மின்னல் போதும், கிளையே முடங்கிவிடும். லோடிங் இடத்தில் பழ லாரிகள் வரிசையாக நின்றன. என் லெட்டர் கண்ணெதிரிலேயே கரைந்துகொண்டிருந்தது.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு தம்ப்டிரைவை எடுத்தார். அது திறக்கவில்லை. குனிந்து காலுறைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். அழிந்துபோன பெரிய ஃபைல் அதில் பத்திரமாக இருந்தது. அந்தக் காலுறைக்கு மாலை போட்டிருப்பேன்.

அன்று அவர் மூன்று தரம் கேட்கச் சொல்லவில்லை. தட்டினார். திரையில் ஆச்சரியக்குறிகள் ஒவ்வொன்றாக வந்தன; ஒரு குறி வந்தால் ஒரு துண்டு போய்ச் சேர்ந்தது என்று கணக்கு. இடி நெருங்கியது. அண்ணன் சுவரில் இருந்த பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார், கரண்டு அவர் பிடியில்தான் இருப்பது போல. “முருகா, மாதாவே” என்று முணுமுணுத்தார். சாமியிலும் பேக்கப். சிரிப்பு வர வேண்டிய இடம்தான். நான் குறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

விளக்கு மங்கியது. ஆச்சரியக்குறி வர வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. ஒரு துண்டு தவறி, மறுபடி வர வேண்டும் என்று அர்த்தம். பிறகு மறுபடியும் குறிகள் ஓடின. ஃபைல் முழுதாக ஏறி, அண்ணன் அதைச் சரிபார்த்து முடித்தபோது பளீரென்று ஒரு மின்னல். கரண்டு போயே போய்விட்டது.

அது திரும்பி வரப் பத்து நிமிடம். ரூட்டர் எழுந்து பச்சை விளக்கு காட்ட இன்னும் நாலு நிமிடம். என் வாழ்க்கையிலேயே நீளமான நாலு நிமிடம் அதுதான்.

மறுநாள் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஃபைல் அழிந்த விஷயம் ரூட்டரின் பதிவில் இருந்தது.

“யாரு எண்டர் தட்டினது?”

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கும் அண்ணன் சொன்னார்: “நான்தான் மேடம்.”

வெளியே வந்ததும், “ஏன் அண்ணே?” என்று அழுதேன்.

“எங்கிட்ட ஒரு வார்னிங் லெட்டர்தான் இருந்துச்சு. பேக்கப் வேணாமா?” என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு லெட்டர், அவருக்கு ஒரு லெட்டர் வந்தன.

இதை எழுதியதும் முதலில் அவருக்குத்தான் போனில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “போடாதம்மா! மேடம் படிச்சா உன் வேலை என்னா ஆவறது?” என்று பதறினார். நான் அந்த வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. மனுஷன் இன்னும் எனக்காகப் பயந்துகொண்டிருக்கிறார்.