மணலுக்குப் பதிலாக ஒரு மெத்தை

வெள்ளி. காலை 7.00: அடைமழை. மணல் வடிகட்டியிலிருந்து செம்மண் நிறத்தில் நீர். 8.00: மணலைத் தோண்டிக் கழுவத் தொடங்கினோம். 10.00: சுகாதாரப் பரிசோதகர் வருகை. திங்கட்கிழமைக்குள் நீர் தெளியாவிட்டால் விடுதியை மூடுமாறு உத்தரவு.

புசல்லாவையில் நான் அதிபராக இருந்த பாடசாலையின் குறிப்பேட்டில் இவ்வளவுதான் உள்ளது. விடுதியை மூடினால் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் நாற்பது பேரும் வீடு திரும்புவார்கள்; பலர் கொழுந்துக் கூடையைச் சுமக்கப் போய்விடுவார்கள், மீண்டு வரமாட்டார்கள். இது குறிப்பேட்டில் இல்லை. மெத்தைக்காரரும் இல்லை.

எந்தப் பொருளுக்கும் அதற்குரிய வேலையைக் கொடுக்காத ஒரே மனிதர், நான் அறிந்தவரை, கடுகண்ணாவை மெத்தைக்காரர்தான். குடைக்கம்பியில் கருவாடு சுடுவார். தையல் இயந்திரச் சக்கரத்தில் தேங்காய் துருவுவார். அன்று விடுதி மெத்தைகளைத் தைக்க வந்திருந்தவர், மணற்குவியலைக் கண்டு தலையிலடித்துக்கொண்டார்.

“மணலு எதுக்கு சேர்? அள்ள ரெண்டு நாளு, கழுவ ரெண்டு நாளு. ஸ்பஞ்சு போடுவோம். அழுக்கானா புழிஞ்சுட்டுத் திரும்பப் போட்டுரலாம்.”

“குடிக்கிற தண்ணிய மெத்தையிலயா வடிக்கிறது?” என்றேன்.

“அது மெத்தைன்னு அதுக்குத் தெரியுமா சேர்?”

நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

அன்று மாலையே ஊருக்குப் போனவர், மறுநாள் கடுகண்ணாவையிலிருந்து ஸ்பஞ்சைப் பேருந்துக் கூரையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில் கம்பளையில் மழை பிடித்தது. புசல்லாவையில் அதை இறக்க நால்வர் வேண்டியிருந்தது.

“என்ன அண்ணே, மெத்தையா ஏத்துனீங்க, எருமையா எறங்குது?” என்றார் நடத்துநர்.

மெத்தைக்காரர் என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா சேர், என்னமா குடிக்குது.”

வட்டவட்டமாக வெட்டினார், சவர்க்காரம் போட்டுத் துவைத்தார், வடிகட்டித் தொட்டியில் அடுக்கி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி நெருக்கினார். முதல் வாளி முழுவதும் நுரை.

“சுத்தமா இருக்கட்டும்னு ரெண்டு கட்டி போட்டேன்,” என்றார் சாவதானமாக. ஞாயிறு முழுவதும் அலசினோம்.

திங்கள் காலை தெளிந்த நீர் விழுந்தது. பரிசோதகர் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “மொதல்ல குடிக்கிறது யாரு?” என்றார். மெத்தைக்காரர் மூன்று குவளை குடித்தார். பிறகு, “நாலாவதுல கொஞ்சம் தேயிலை போட்டுத் தாங்க,” என்றார். பரிசோதகர் சிரித்துவிட்டார். கொதிக்கவைத்தே கொடுக்கவேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். விடுதி மூடப்படவில்லை.

சில வாரங்களின் பின் கடுகண்ணாவையில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் வெறும் பலகை கிடந்தது. அவர் மனைவி சொன்னார்:

“இருவது வருஷமா ஊருக்கெல்லாம் தைச்சாரு. இப்பத்தான் எங்களுக்குன்னு ஒண்ணு தைச்சாரு. ஒரு ராத்திரி படுக்கல, அது பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போயிருச்சு.”

மெத்தைக்காரர் அவசரமாகக் குறுக்கிட்டார். “யாரோட மெத்தைன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிறாதீங்க சேர். தண்ணி குடிக்கக் கூச்சப்படுவாங்க.”

சென்ற மாதம் அவர் காலமானார். நான் செய்யாமல் விட்டவை:

அந்தக் கட்டிலுக்கு ஒரு மெத்தை அனுப்புவது.

நாற்பது பேரில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்வது.

மரண அறிவித்தலில்தான் நான் அறிந்துகொண்ட அவருடைய பெயரைச் சொல்லி, ஒருமுறையேனும் அவரை அழைப்பது.